‘எப்போதும்’ என்ற பெட்டிக்கு நான் சரி போடவில்லை

1. திறக்காத பைல்

அந்தக் கந்தோருக்குப் போன முதல் நாளே சண்டையோடுதான் தொடங்கியது. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி மாடியில் இருந்த ஒரு கப்பல் ஏஜன்சி அலுவலகம் அது. எங்கள் மென்பொருள் கொம்பனியின் புதிய வாடிக்கையாளர். நான் படியேறிப் போனபோது மூன்று பேர் ஒரு கொம்பியூட்டரைச் சுற்றி நின்று, அது காது கேட்கும் மனிதன் என்ற நினைப்பில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். நங்கூரம் போட்டு நின்ற கோதுமைக் கப்பலில் இருந்து சரக்குத் திட்டம் மின்னஞ்சலில் வந்திருந்தது. கப்பலின் எந்த அறையில் எவ்வளவு சரக்கு, எதை முதலில் இறக்குவது என்று காட்டும் படம் அது. ‘பிளான்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிளான் இல்லாமல் இறக்கும் ஆட்களைக் குழுவாகப் பிரித்து அனுப்ப முடியாது. பிளான் வந்துவிட்டது, ஆனால் திறக்க முடியவில்லை.

கப்பல்காரர் செய்மதி, அதாவது சாட்டிலைட் வழியாக மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். செலவை மிச்சம் பிடிக்க அவர்களுடைய கருவி பைலை நசுக்கி அனுப்பும். நசுக்கும்போது பைல் பெயரின் வாலையும் வெட்டிவிடும். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்று நான்கு எழுத்துகளும் இருக்குமே, அந்த வால். அதைப் பார்த்துத்தான் எந்தப் புரோகிராமில் திறப்பது என்று கொம்பியூட்டர் முடிவு செய்யும். வால் இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது, முழிக்கும்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி நஸ்ரின். கிண்ணியாவில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். பிளானை அச்செடுத்து, இறக்கும் ஆட்களின் மேற்பார்வையாளரிடம் கொடுப்பது அவளுடைய வேலை. என்னைக் கண்டதும் கதிரையைத் தள்ளி விட்டாள்.

“அக்கா, இது எங்களுக்குத் தினம் நடக்கிற கூத்து. ஒரு நாளைக்கு எழுத்தாத் திறக்குது, ஒரு நாளைக்குப் படமாத் திறக்குது, ஒரு நாளைக்குத் திறக்கவே மாட்டன் எண்டுது. என்ட கையில தாள் இல்லாட்டி கீழ அறுபது பேர் நிண்டு என்னைத்தான் ஏசுவாங்க.”

நான் பைலின் தலையைப் பிரித்துப் பார்த்தேன். பைல் எந்த வகை என்பது அதன் முதல் சில எழுத்துகளில் எழுதியிருக்கும், பெயர் என்னவாக இருந்தாலும் சரி. வால் ஒட்டிக் கொடுத்தேன், திறந்தது. நஸ்ரின் அச்செடுத்துக்கொண்டு படியில் ஓடினாள். ஏஜன்சி மனேஜர் றொபேட் சேர் தன் அறையில் இருந்து எட்டிப் பார்த்து, இதை ஒவ்வொரு நாளும் செய்ய உங்களை எங்கள் கந்தோரிலேயே கட்டி வைக்கவா என்று கேட்டார். கட்டி வைக்கத் தேவையில்லை, ஒரு டயலொக் எழுதித் தருகிறேன் என்றேன்.

டயலொக் என்றால் வேறொன்றுமில்லை. நீங்கள் ஒரு பைலைத் திறக்கப் போகும்போது கொம்பியூட்டர் இடைமறித்துக் கேள்வி கேட்கும் சின்னப் பெட்டி. ‘இதை எதில் திறக்கட்டும்?’ என்பது கேள்வி. அதன் கீழே புரோகிராம்களின் பட்டியல். பட்டியலுக்குக் கீழே ‘எப்போதும் இதையே பயன்படுத்து’ என்று ஒரு வரியும், சரி போட ஒரு சதுரமும். கடைசியில் ஓகே. பார்த்தால் பத்து நிமிட வேலை. அந்தச் சதுரத்தால்தான் என் வேலை போனது. போகட்டும், அதைப் பற்றி எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

2. நான் எப்படிக் கட்டினேன்

புதிதாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் ஸ்கிரீனைப் பார்த்து டயலொக் எழுதுகிறார்கள். நான் ஆட்களைப் பார்த்து எழுதுவேன். அந்தக் கந்தோரில் ஒரு மூலையில் கதிரை போட்டு, பிளேன்டீயும் ரோல்ஸுமாக, அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே வாசலில், ஊருக்குள் திரியும் மான்கள் வந்து சாப்பாட்டுப் பொதி சுற்றிய தாளைத் தின்னும். மேலே இவர்கள் வேலை செய்வார்கள். எனக்குப் பொழுது நன்றாகத்தான் போனது.

இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, அந்தக் கந்தோரில் எந்தப் பெட்டி வந்தாலும் என்டரைத் தட்டிவிடுவார்கள். வைரஸ் என்று எச்சரிக்கை வந்தாலும் என்டர், அச்சு இயந்திரத்தில் மை முடிந்தாலும் என்டர். வாசிப்பதே இல்லை. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கண் ஜன்னலுக்கு வெளியே கப்பலில் இருக்க, கை மட்டும் தானாக என்டருக்குப் போகும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு பெட்டி வந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே லொகின். பெயர் ‘ஒபிஸ்’, கடவுச்சொல் திரையின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கும். காலையில் நஸ்ரின், பின்னேரம் இன்னொருவர், லீவு நாளில் வேறு யாரோ. கொம்பியூட்டருக்கு இவர்கள் எல்லோரும் ஒரே ஆள். காலையில் ஒருவர் ‘எப்போதும்’ என்று சரி போட்டுவிட்டால், பின்னேரம் வருகிறவரிடம் கொம்பியூட்டர் கேட்காது. அவர் சார்பில் ஏற்கெனவே யாரோ பதில் சொல்லிவிட்டார் அல்லவா?

இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் பெட்டியைக் கட்டினேன். பைலின் தலையைப் படித்து வகையைக் கண்டுபிடிக்கும். அந்த வகையைத் திறக்கக்கூடிய புரோகிராம்களை மட்டும் வரிசையில் காட்டும். எதுவும் முன்கூட்டியே தெரிவாகியிருக்காது. ‘எப்போதும்’ சதுரம் வெறுமையாக இருக்கும். ஒருவர் கையால் ஒன்றைத் தெரிவு செய்யும் வரைக்கும் ஓகே மங்கிப் போய் நிற்கும், என்டரைத் தட்டினாலும் அசையாது. ஒரு நொடியாவது ஆளை வாசிக்க வைக்கும் பெட்டி. அதைக் கட்டி முடித்த அன்று எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

3. ஒரு வரிதானே

எங்கள் முதலாளி குலசேகரம் சேர். கொழும்பில் பெரிய கொம்பனியில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து தனியாகத் தொடங்கியவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கொழும்பில் இருந்து யாராவது வருகிறார்கள் என்றால் நிலத்தில் கால் படாது. ஏஜன்சியின் தலைமைக் கந்தோரில் இருந்து ஆட்கள் எங்கள் புரோகிராமைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் என் பெட்டியைத் திறந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

எங்கள் கொம்பனி சொந்தமாக ஒரு சின்ன வாசிப்புப் புரோகிராம் செய்திருந்தது. படமும் பிளானும் திறக்க. அதையே முதலில் தெரிவாக வை, ‘எப்போதும்’ சதுரத்திலும் சரி போட்டு வை, ஓகேயை எரிய விடு என்றார். ஆள் என்டரைத் தட்டினால் போதும், இனி எல்லாம் எங்கள் புரோகிராமிலேயே திறக்கும், வருகிறவர்களுக்குப் பார்க்க அழகாக இருக்கும் என்பது அவருடைய கணக்கு.

நான் ஏலாது என்றேன். எங்கள் வாசிப்புப் புரோகிராம் இன்னும் முழுமையாகவில்லை. படத்தின் மேலே பின்னால் ஒட்டிய குறிப்புகளை அது காட்டாது. கப்பல்காரர் பிளானில் சிவப்புப் பெட்டி போட்டு ஏதாவது எழுதினால், மற்றப் புரோகிராம்களில் தெரியும், எங்களுடையதில் தெரியாது. இதை நான் முன்பே சொல்லியிருந்தேன், அடுத்த பதிப்பில் செய்வோம் என்று தள்ளி வைத்தவரும் அவர்தான். அதையும் சொன்னேன். ஒரே லொகின் கதையையும் சொன்னேன்.

“மலர், ஒரு டிக்குக்கு இவ்வளவு கதையா? நீர் ஏன் இப்பிடி அடம்பிடிக்கிறீர்?”

“சேர், கேக்க முதலே பதிலை எழுதி வைக்கிறதெண்டா, பேந்து ஏன் கேள்வி?”

அவர் சிரித்தார். அடுத்த நாள் நான் வந்து பார்த்தபோது சதுரத்தில் சரி இருந்தது. “ஒரு வரிதானே, நானே மாத்திப்போட்டன்” என்றார், உதவி செய்த தோரணையில். நான் திரும்ப மாற்றினேன். அவர் திரும்ப மாற்றி, எனக்கு அந்தப் பகுதியில் கை வைக்க அனுமதியையும் எடுத்துவிட்டு, புதுப் பதிப்பை ஏஜன்சியில் நிறுவ வேறு ஆளை அனுப்பினார். அது பெருநாள் லீவு. நஸ்ரின் கந்தோருக்கே வரவில்லை. அன்று பின்னேரம் யாரோ ஒருவருக்குப் பெட்டி வந்தது, யாரோ ஒருவர் என்டரைத் தட்டினார். அதன் பிறகு அந்தக் கொம்பியூட்டரில் அந்தப் பெட்டி யாருக்கும் வரவில்லை.

கொழும்பு ஆட்கள் வந்து பார்த்து, அருமை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

4. மூன்றாம் அறை

கோதுமையில் வண்டு பிடிக்காமல் இருக்கக் கப்பலின் அறைகளுக்குள் மருந்து வைத்து மூடி வருவார்கள். அது நச்சு வாயுவாகிச் சரக்கு முழுக்கப் பரவி இருக்கும். துறைமுகம் வந்ததும் மூடியைத் திறந்து, காற்று விட்டு, வாயு இல்லை என்று சோதித்த பிறகுதான் ஆள் இறங்கலாம். இறக்கும் ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் எந்த அறை சோதித்து முடிந்தது, எது முடியவில்லை என்பதை அவர்கள் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. கையில் இருக்கும் தாளைத்தான் நம்புவார்கள்.

அன்று வந்த பிளானில் கப்பலின் தலைமை அதிகாரி மூன்றாம் அறை மேலே சிவப்புப் பெட்டி போட்டு, இன்னும் வாயு போகவில்லை, ஆள் இறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். பின்னால் ஒட்டிய குறிப்பு. நஸ்ரின் பைலைத் திறந்தாள். எங்கள் வாசிப்புப் புரோகிராமில் அது திறந்தது. சுத்தமான, அழகான பிளான், சிவப்பு என்று ஒரு புள்ளிகூட இல்லை. அச்செடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் அறைக்கு முதலில் இறங்கியவன் அன்வர். ஏணியில் சில படிதான் இறங்கியிருப்பான், மேல்தளத்தில் நின்ற ஒரு மாலுமி கத்திக்கொண்டு ஓடி வந்து கொலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டான். அன்வர் தளத்தில் இருந்து வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் தங்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டான். அந்த மாலுமி அந்த நேரம் தேநீர் குடிக்கப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

எனக்கு நஸ்ரின்தான் தொலைபேசி எடுத்தாள். அழுதாள். தாளில் ஒன்றுமே இல்லை அக்கா, நான் மூன்று தரம் பார்த்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கதிரையில் இருந்து எழும்பவே இல்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வந்தது பயமல்ல, கோபம்.

5. கையெழுத்து

தலைமைக் கந்தோர் விளக்கம் கேட்டது. யாருடைய பிழை? குலசேகரம் சேர் ஒரு அறிக்கை எழுதிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நல்ல தமிழில் எழுதியிருந்தார். ‘பயனாளர் தாமாகவே செயலியைத் தெரிவு செய்து, அதனை எப்போதும் பயன்படுத்துவதற்கும் உறுதிப்படுத்தியுள்ளார்’ என்று ஒரு வசனம். பயனாளர் என்ற இடத்தில் நஸ்ரினின் பெயர். புரோகிராமை எழுதியவர் என்ற இடத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் நஸ்ரின் வீட்டுக்குப் போவாள், எங்கள் ஒப்பந்தம் நிற்கும். அவள் வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை பெட்டியைக் கண்டதே இல்லை, பெருநாள் லீவில் இருந்தவள் எப்படித் தட்டியிருப்பாள் என்று கேட்டேன். அப்படியென்றால் வேறு யாரோ தட்டியிருக்கிறார்கள், யாராக இருந்தாலும் அந்தக் கந்தோர் ஆள்தானே, பிளானைக் கொடுத்தது நஸ்ரின்தானே என்றார். தட்டினவரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன், பதிலை எழுதி வைத்தது நாங்கள் என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியது.

“மலர், வடிவா யோசியும். அந்தப் பிள்ளைக்கு வேற வேலை கிடைக்கும். எங்களுக்கு இப்பிடி ஒரு கஸ்டமர் கிடைக்காது. நீர் கையெழுத்து வைக்காட்டி, நாங்கள் எல்லாரும் நடுத்தெருவில.”

“நான் நடுத்தெருவில நிக்கிறன் சேர். அவவை அங்க தள்ள என்ட கையால ஏலாது.”

தாளை அவர் பக்கம் திருப்பித் தள்ளினேன். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, அம்மாவின் மருந்து இருந்தது, எல்லாம் இருந்தது. பெரிய வீரம் என்று நினைக்க வேண்டாம், அன்று பகல் சாப்பாடு தொண்டையால் இறங்கவில்லை. ஆனால் கையெழுத்து வைத்திருந்தால் அதன் பிறகு ஒரு நாளும் இறங்கியிருக்காது.

அவர் என் கையெழுத்து இல்லாமலேயே அறிக்கையைக் கொடுக்கப் பார்த்தார். ஆனால் றொபேட் சேர், எழுதின ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ என்று சொல்லிவிட்டார்.

6. எந்தப் பெட்டி?

போகும் வழியில் வான் வண்டிக்குள் குலசேகரம் சேர் எனக்குப் பாடம் எடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சீனக்குடாப் பக்கம் போகிற லொறிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கூட்ட அறையில் நீள மேசை. ஒரு முனையில் றொபேட் சேர், முன்னால் அவருடைய புது லப்டொப். மறு முனையில் நஸ்ரின், முக்காட்டு நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தபடி. எங்கள் முதலாளி அறிக்கையை வாசித்தார். ‘தாமாகவே தெரிவு செய்து’ என்ற இடம் வந்தபோது நஸ்ரின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் இதில் கூட்டோ என்று கேட்ட பார்வை அது. எனக்குச் சுருக்கென்றது.

வாசித்து முடிந்ததும் றொபேட் சேர் என் பக்கம் திரும்பி, மிஸ், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார்.

கதைக்க முதல் ஒரு வேலை செய்வோம், அன்றைக்கு வந்த பிளான் உங்களுக்கும் அனுப்பியிருக்கிறது, எங்கள் புரோகிராமுக்குள் போய் அதை ஒரு தரம் திறவுங்கோ என்று கேட்டேன். அவர் அந்தப் புரோகிராமைத் தன் லப்டொப்பில் அதுவரை தொட்டதில்லை என்று எனக்குத் தெரியும். மனேஜர்மார் பைல் திறக்கமாட்டார்கள், திறந்து கொண்டுவரச் சொல்வார்கள்.

அவர் மவுஸைத் தட்டினார். பெட்டி வந்தது. அந்த நேரம் குலசேகரம் சேர், இது தேவையில்லாத வேலை என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். றொபேட் சேர் அவரைப் பார்த்து, பொறுங்கோ என்று கை காட்டினார். மற்றக் கை தானாகப் போய் என்டரைத் தட்டியது. பிளான் திறந்தது, சுத்தமாக, அழகாக.

“சேர், இப்ப ஒரு பெட்டி வந்து உங்களிட்ட ஒரு கேள்வி கேட்டது. என்ன கேட்டது?”

அவர் என்னைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார்.

“எந்தப் பெட்டி?” என்றார்.

குலசேகரம் சேர் தன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

நான் விளக்கினேன். நீங்கள் இப்போது எங்கள் புரோகிராமைத் தெரிவு செய்துவிட்டீர்கள், எப்போதும் அதையே பயன்படுத்து என்று உறுதியும் கொடுத்துவிட்டீர்கள், இந்த அறிக்கையில் நஸ்ரினின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டாலும் வசனம் அப்படியே பொருந்தும் என்றேன். பிறகு அதே பைலை வேறொரு புரோகிராமில் திறந்து லப்டொப்பை அவர் பக்கம் திருப்பினேன். மூன்றாம் அறை மேலே சிவப்புப் பெட்டி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஆங்கில வரியை வாய்விட்டு வாசித்தார். பாதியில் குரல் தாழ்ந்தது.

அப்போதுதான் நஸ்ரின் முதல் தடவையாக வாய் திறந்தாள். அழவில்லை. கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

“அன்வர் எங்கட பக்கத்து வீடு சேர். அவன்ட புள்ளைக்கு நான்தான் பாடம் சொல்லிக் குடுக்கிறன். இதை நான் கண்டிருந்தா அவனை அனுப்புவனா?”

றொபேட் சேர் அறிக்கையை மடித்துக் குலசேகரம் சேரிடமே திருப்பிக் கொடுத்தார். இதைக் கொண்டுபோய் வேறு மாதிரி எழுதிக்கொண்டு வாருங்கோ, என் ஆளின் பெயர் இதில் இருக்கக் கூடாது என்றார். நான் எழும்பும்போது நஸ்ரின் என் கையைப் பிடித்தாள்.

7. பிறகு

திரும்பி வந்து எங்கள் கந்தோர் வாசலில் இறங்கும்போது குலசேகரம் சேர், நாளையில் இருந்து நீர் வரத் தேவையில்லை என்றார். நாளை வரைக்கும் ஏன் சேர் என்று கேட்டு, சாவிக் கொத்தை அங்கேயே அவருடைய கையில் வைத்தேன். உள்ளே போய் என் கோப்பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு எதுவும் அங்கே எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

நல்லவருக்கு நல்லது நடந்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஏஜன்சி ஒப்பந்தத்தை முறிக்கவில்லை, முறிக்கப் போனால் நட்டம் அவர்களுக்கு. குலசேகரம் சேரின் புரோகிராம்தான் இன்றைக்கும் அந்தக் கந்தோரில் ஓடுகிறது. நான் லிங்கநகரில் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு, தம்பலகாமத்து அரிசி ஆலைக்கும் குச்சவெளி ஐஸ் பக்டரிக்கும் சின்னச் சின்னப் புரோகிராம் எழுதிக் காலம் தள்ளுகிறேன். முதல் வருடம் மிகவும் கஷ்டமாக இருந்தது. இப்போது பரவாயில்லை.

ஆனால் றொபேட் சேர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அந்தச் சரி அடையாளத்தை எடுக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனி லொகின் கொடுக்க வேண்டும், வாசிப்புப் புரோகிராம் குறிப்புகளைக் காட்டும் வரைக்கும் அது பட்டியலிலேயே இருக்கக் கூடாது. குலசேகரம் சேர் நான் எழுதிய பழைய பகுதியைத் தேடி எடுத்து அப்படியே திரும்பப் போட்டாராம். ஒரு வரிதானே.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். நீங்கள் எழுதும் பெட்டியில் எது முன்கூட்டியே சரி போட்டிருக்கிறதோ, அதுதான் ஊரில் நடக்கும். ஆட்கள் வாசிக்கமாட்டார்கள், மனேஜர்மாரும் வாசிக்கமாட்டார்கள். ஆகவே அந்தச் சரியை வைப்பவர் நீங்கள், அதன் விளைவுக்குப் பொறுப்பும் நீங்கள். பயனாளர் தட்டினார் என்று ஒரு நாளும் எழுதாதீர்கள். யாராவது உங்களை எழுதச் சொன்னால் ஏலாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டி வந்தால் போங்கள். நான் போனேன், இன்னும் இருக்கிறேன்.

என் வாடிக்கையாளர்கள் இப்போதும் என் பெட்டிகளைப் பற்றிக் குறை சொல்வார்கள். என்டர் தட்டினால் போகிறதில்லை, பிடிவாதம் பிடித்த பெட்டி என்பார்கள். எழுதியவளும் அப்படித்தான் என்று சொல்லி விடுவேன். ஒருவருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

போன கிழமை நஸ்ரின் வீட்டுக்கு வந்தாள். தன் மகளின் பிறந்தநாள் கேக் கொண்டு வந்திருந்தாள். இப்போது அந்தக் கந்தோரில் அவள்தான் மூத்தவள். கேக்கைத் தின்றுகொண்டே பெட்டியைப் பற்றி முறையிட்டாள். மூன்றாம் அறைக்குப் பிறகு அங்கே ஒருவரும் ‘எப்போதும்’ சதுரத்தில் சரி போடுவதில்லை, அதனால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பைலுக்கும் நின்று கேட்கிறதாம். புதுப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெட்டியை எழுதியது யார் என்று கேட்டுத் திட்டுகிறார்களாம்.

“வாசிக்கினமா?” என்று கேட்டேன்.

“வாசிக்காம எப்பிடி அக்கா? அது விடாதே. வாசிச்சுப்போட்டுத்தான் திட்டுறாங்க.”

“திட்டட்டும்” என்றேன்.